மிளகாய்ப் பெயர்களில் இருக்கும் ஊர்கள்

ஒரு மிளகாயின் பெயரோடு ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால், அது அந்த ஊர் மண்ணில் பிறந்த சரக்கு என்று நாம் இயல்பாகவே எண்ணிக்கொள்கிறோம். குண்டூர் மிளகாய் குண்டூருக்கு உரியது, சாத்தூர் சம்பா சாத்தூர்க் கரிசலுக்கு உரியது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மிளகாய் வகைகளின் பெயர்களைக் கொஞ்ச காலமாகத் துருவிக்கொண்டிருக்கும் எனக்கு, இந்த எண்ணம் பாதிதான் சரி என்று படுகிறது. பெயரில் வரும் ஊர், மிளகாய் முதலில் விளைந்த ஊராக இருப்பது அபூர்வம். பெயர் வைத்தவர் அதை எங்கே வாங்கினாரோ, எந்தத் துறைமுகத்தின் வழியே வந்ததாகக் கேள்விப்பட்டாரோ, அந்த ஊராகவே அது பெரும்பாலும் இருக்கிறது.

மெக்ஸிகோவின் ஹபனேரோ இதற்குத் தெளிவான சான்று. ஹவானாவைச் சேர்ந்தது என்பதே அந்தப் பெயரின் பொருள். ஹவானாவோ கியூபாவின் தலைநகரம். ஆனால் ஹபனேரோவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது மெக்ஸிகோவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் யுகடான் தீபகற்பம்தான். கியூபாவின் அன்றாடச் சமையல் காரத்துக்குப் பெயர்போனதுகூட அன்று. இந்த மிளகாயினத்தின் பூர்விகத்தைத் தாவரவியலார் தென் அமெரிக்காவின் அமேசான் படுகையில் வைக்கிறார்கள். அங்கே தோன்றி, கரீபியத் தீவுகளைக் கடந்து, யுகடானில் வேரூன்றிய ஒரு செடி, வழியில் தங்கிப் போன துறைமுகத்தின் பெயரை இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது. 2010-இல் மெக்ஸிகோ அரசு யுகடான் தீபகற்பத்து ஹபனேரோவுக்குப் பிறப்பிடப் பாதுகாப்பு அளித்தபோது, ‘யுகடான் தீபகற்பத்தின் ஹவானா மிளகாய்’ என்று பொருள்படும் பெயரொன்று சட்டப்படியே ஏட்டில் ஏறியது.

இதே இனத்துக்குத் தாவரவியல் வைத்த பெயர் இன்னும் வேடிக்கையானது. நெதர்லாந்தில் பிறந்து வியன்னாவில் பணியாற்றிய ழாக்கின் என்ற தாவரவியலார், 1776-இல் இதற்குக் காப்சிகம் சைனென்ஸ், அதாவது ‘சீனத்துக் காப்சிகம்’, என்று பெயரிட்டார். சீனாவுக்கும் இதன் தோற்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் அது சீனாவிலிருந்து வந்ததாக நம்பினார், அவ்வளவுதான். முறைப்படி முதலில் வெளியான பெயரே நிலைக்க வேண்டும் என்பது தாவரவியல் விதி என்பதால், பெயர் தப்பு என்று ஊரறிந்த பிறகும் அதை யாரும் மாற்றவில்லை. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் நம் வழக்கமான மிளகாயினத்துக்கு 1753-இல் வைத்த காப்சிகம் ஆன்னுவம் என்ற பெயரும் இந்த வகையைச் சேர்ந்ததே. ‘ஆண்டுச்செடி’ என்று அதற்குப் பொருள். பனிக்காலத்தில் செடி மடிந்துபோகும் ஐரோப்பாவில் இருந்துகொண்டு பார்த்தவருக்கு அது ஓராண்டுப் பயிராகத்தான் தெரிந்திருக்கும். நம் கொல்லையில் கிணற்றடி ஈரத்தில் நிற்கும் மிளகாய்ச் செடி இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கி நின்று காய்ப்பதைப் பார்த்தவர் எவரும் அப்படி ஒரு பெயரை வைத்திருக்க மாட்டார்.

கொலம்பஸின் கப்பல்களுக்குப் பிறகு மிளகாய் உலகைச் சுற்றிய வேகம் அப்படிப்பட்டது. அது எங்கிருந்து வந்தது என்பதைப் பின்தொடர யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. 1542-இல் வெளியான தம் மூலிகை நூலில் ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் மிளகாய்ச் செடியைப் படம் வரைவித்துக் கோழிக்கோட்டு மிளகு என்று குறித்தார். அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட காய், ஐம்பதே ஆண்டுகளில், ஜெர்மனியில் கேரளத்துச் சரக்காகிவிட்டது. ஹங்கேரியில் அது துருக்கி மிளகு. ஆங்கிலேயருக்கு ஆப்பிரிக்காவின் கினி மிளகு. பம்பாய்ப் பக்கத்தில் கோவாய் மிர்ச்சி. போர்ச்சுக்கீசியர் கோவாவில் இறக்கிய காய் அங்கிருந்துதான் அவர்களுக்கு வந்தது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதித் தமிழரிடையே இன்றும் மிளகாய்க்குக் கொச்சிக்காய் என்ற சொல் வழங்குகிறது. சிங்களத்திலும் சின்னஞ்சிறு கார மிளகாய் கொச்சி என்றே அறியப்படுகிறது. கொச்சியிலிருந்து வந்த காய் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது ஜப்பானியரும் கொரியரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்ட கதை. கொரிய அறிஞர் யி சு-குவாங் 1614-இல் எழுதிய கலைக்களஞ்சியத்தில் மிளகாய் ஜப்பானியக் கடுகு என்ற பொருளுடைய பெயரால் குறிக்கப்படுகிறது. அதே மிளகாய்க்கு ஜப்பானில் கொரிய மிளகு என்ற பெயர் வழங்கியிருக்கிறது. இன்று ஜப்பானில் நிலைத்திருக்கும் தோகராஷி என்ற சொல்லிலோ ‘தாங்’, அதாவது சீனா, வந்து உட்கார்ந்துகொண்டது. அண்டை வீட்டிலிருந்து வந்தது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அண்டை வீட்டுக்காரருக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் நாம் சொல்லும் பெயரில் ஊர் எதுவும் ஒட்டவில்லை. ஏற்கெனவே அடுக்களையில் இருந்த மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் ஆக்கிக்கொண்டோம். கன்னடமும் அப்படியே மெணசினகாயி என்றது. மலையாளத்தில் வந்தேறியே வீட்டுக்காரனாகிவிட்டது. அங்கே வெறும் முளகு என்றால் இன்று மிளகாய். பழைய மிளகு குருமுளகு என்றும் நல்லமுளகு என்றும் அடைமொழி சேர்த்து அழைக்கப்பட வேண்டியதாயிற்று. இந்தோனேசியாவில் திப்பிலி இனத்துக்கு உரிய சபே என்ற பெயர் மிளகாய்க்குப் போய்விட்டதால், பழைய திப்பிலி ‘ஜாவா சபே’ ஆனது.

இவையெல்லாம் மிளகாய் என்ற பொதுப் பொருளுக்கு வந்த பெயர்கள். வகைகளுக்குப் பெயர் வரும் கதையும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் போகிறது. ஹலபேன்யோ என்றால் மெக்ஸிகோவின் வெராகுரூஸ் மாநிலத்துக் ஹலாபா நகரைச் சேர்ந்தது என்று பொருள். ஹலாபாவில் இருப்பவர் தம் வீட்டு மிளகாயை ‘ஹலாபாவின் மிளகாய்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை என்ன? ஊர்ப் பெயரால் அமையும் பெயர் வெளியூரார் வைத்த பெயராகத்தான் இருக்க முடியும். நடு மெக்ஸிகோவில் அதே மிளகாய்க்குக் குவாரெஸ்மேன்யோ என்று இன்னொரு பெயர் உண்டு; கிறித்தவர்களின் தவக்காலத்தை ஒட்டி அதைப் பொரித்தும் அடைத்தும் சமைக்கும் பழக்கத்திலிருந்து வந்தது அது. அடுப்படியில் பிறந்த பெயர் ஒன்று, வண்டியில் ஏறிய பெயர் மற்றொன்று என்று வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுவதும் போனது வண்டியில் ஏறிய பெயர்தான்.

ராமநாதபுரத்திலும் இதே நிலைதான். முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கத்து விவசாயி தாம் விதைப்பதை முண்டு என்கிறார், அல்லது குண்டு என்கிறார். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மானாவாரியாக விதைத்து, தை, மாசிக்குப் பிறகு பழம் பறித்துக் களத்தில் காய வைக்கும் அவருக்கு அந்த ஒரு சொல்லே போதும். ‘ராமநாதபுரம்’ என்ற முன்னொட்டு மூட்டை மாவட்ட எல்லையைத் தாண்டும்போதுதான் சேர்கிறது.

என் தாய்மாமா விருதுநகரில் வத்தல் கமிஷன் மண்டி ஒன்றில் கணக்கு எழுதியவர். பள்ளி விடுமுறைகளில் அந்த மண்டியின் வாசல் திண்ணைதான் எனக்குப் பொழுதுபோக்கு. சரக்கு பார்க்க வருகிறவர் கோணியின் வாய்த்தையலைப் பிரித்ததும் மேலே கிடப்பதைத் தொடவே மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்ப்பார். நொறுங்கினால் ஒரு விலை, நெகிழ்ந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது என்று இன்னொரு விலை. பிறகு ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டுவார். முண்டு வத்தலில் விதை உதிர்ந்து கலகலவென்று ஒலிக்கும். காம்பைக் கிள்ளி, தோலைப் பிளந்து, உட்புறம் மஞ்சள் பாய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். இத்தனை சோதனைக்கும் பிறகு மாமாவின் பேரேட்டில் ஏறும் சொல் மிகச் சுருக்கமானது: முண்டு, சம்பா, நாடு, ஆந்திரா. கடைசிச் சொல்லை மறுபடி பாருங்கள். ஒரு மாநிலமே ஒரு மிளகாய் வகையாகிவிட்டது.

குண்டூர் மண்டியில் போய் நின்றால் அப்படி ஒரு வகை கிடையாது. அங்கே விலைப்பட்டியலில் வரும் பெயர்கள் தேஜா, 334, 341, நம்பர் 5, டிடி, ஆர்மூர், புல்லட், ரோமி என்று நீண்டுகொண்டே போகும். வெளுத்து நிறம் கெட்ட காய்களுக்குக்கூடத் தாலு என்று தனிப் பெயரும் தனி விலையும் உண்டு. சன்னம் என்பது தெலுங்கில் மெலிந்ததைக் குறிக்கும் சொல். புவிசார் குறியீடு பெற்ற குண்டூர் சன்னம் அதிலிருந்து வந்ததுதான். இத்தனை நுட்பமாகப் பிரித்துப் பேசப்பட்ட சரக்கு, லாரி ஏறி எல்லை தாண்டியதும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறது. மளிகைக் கடையில் நாம் ‘குண்டூர் கால் கிலோ’ என்று கேட்கும்போது கிடைப்பது தேஜாவா, 334-ஆ என்பது நமக்கும் தெரியாது, பெரும்பாலும் கடைக்காரருக்கும் தெரியாது. தேஜா என்றால் நாக்கைச் சுண்டும் காரம். 334 என்றால் நடுத்தரம். குழம்பில் தெரியும் வேறுபாடு பெயரில் தெரிவதில்லை.

கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்தில் இருக்கும் பியாடகி, இந்த விஷயத்தில் குண்டூரின் கண்ணாடிப் பிம்பம் எனலாம். பியாடகி மிளகாய் காரம் குறைந்தது, நிறம் மிகுந்தது, தோல் முழுவதும் சுருக்கம் விழுந்தது. அதன் நிறச்சாறு உணவுக்கு வண்ணம் ஏற்றவும் உதட்டுச்சாயம் போன்றவற்றுக்கும் பயன்படுகிறது. நீண்டு மெலிந்த காய்க்கு அங்கே கட்டி என்று பெயர், கன்னடத்தில் அது குச்சியைக் குறிக்கும் சொல். பருத்த காய்க்கு டப்பி என்று பெயர். 2011-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பியாடகி என்பது ஒரு சந்தை நகரம். சுற்றியுள்ள தார்வாடு, கதகு, ஹாவேரிக் கிராமங்களில் விளைந்தவை அங்கே வந்து விலைபோனதால்தான் அத்தனைக்கும் சேர்த்து அந்தப் பெயர் வந்தது. இன்று பியாடகிச் சந்தையின் விலைப்பட்டியலில் கட்டி, டப்பி ஆகிய இரண்டோடு மூன்றாவதாக ‘குண்டூர்’ என்று ஒரு வகை இருக்கிறது. குண்டூர் மண்டியின் பட்டியலிலோ ‘355 பியாடகி’ என்று ஒரு வகை இருக்கிறது. ஆந்திர மண்ணில், ஆந்திர விவசாயி விதைத்து விளைவித்த காய் அது; சுருக்கமும் நிறமும் பியாடகியைப் போல் இருப்பதால் பியாடகி. ஆக, குண்டூரில் பியாடகி விளைகிறது, பியாடகியில் குண்டூர் விற்கிறது. ஊர்ப் பெயர் குணப் பெயராக மாறிவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். வத்தலுக்கு இத்தனை பெயர் வைத்திருக்கும் நாம், பச்சை மிளகாய்க்கு ஏறக்குறையப் பெயரே வைக்கவில்லை. காய்கறிக் கடையில் அது வெறும் பச்சை மிளகாய்தான். பஜ்ஜி மிளகாய், குடைமிளகாய், இலங்கையில் கறிமிளகாய் என்று சமையலையும் வடிவத்தையும் வைத்து ஒன்றிரண்டு பெயர்கள் உண்டு. மற்றவை காரமாக இருக்குமா என்று கேட்டு வாங்கப்படுகின்றன. இரண்டு நாளில் வாடிவிடும் பொருளுக்குச் சுற்றுவட்டாரத்தில்தான் விற்பனை. தொலைவில் இருப்பவரிடம் பெயர் சொல்லி விலை பேச வேண்டியதில்லை. வத்தலோ மாதக்கணக்கில் இருப்பு வைக்கப்படுவது, பார்க்காமலேயே தொலைபேசியில் விலை பேசப்படுவது. பார்க்காத பொருளை வாங்குகிறவனுக்குப் பெயர் வேண்டும்.

மெக்ஸிகோவில் இந்தக் கணக்கு வேறு. அங்கே பச்சைக்கு ஒரு பெயர், அதே காய் காய்ந்த பிறகு முற்றிலும் வேறொரு பெயர். புவெப்லாவைச் சேர்ந்தது என்ற பொருளில் பொப்லானோ என அழைக்கப்படும் காய், பழுத்துக் காய்ந்ததும் ஆஞ்சோ ஆகிறது. அகன்றது என்று அதற்குப் பொருள். சிலாகா காய்ந்தால் பாசில்யா, கருத்துச் சுருங்கியதால் உலர்திராட்சையின் பெயர். மிராசோல் காய்ந்தால் குவாஹில்யோ. ஹலபேன்யோவைப் பழுக்கவிட்டுப் புகைமூட்டம் போட்டு உலர்த்தினால் சிபோட்லே. இது மட்டும் ஸ்பானியத்துக்கு முந்திய நவாட் மொழிச் சொல், மிளகாயையும் புகையையும் சேர்த்துக் கட்டியது. ஊறவைத்து அரைக்கும்போது ஆஞ்சோ தரும் இனிப்பும் அடர்த்தியும் பச்சைப் பொப்லானோவில் கிடையாது. சமைப்பவருக்கு அவை இரண்டு தனிப் பொருள்கள். இந்தப் பெயர்களைச் சந்தை வைத்ததாக நான் நினைக்கவில்லை. அம்மியருகே நின்றவர்கள் வைத்தவை. எல்லை தாண்டி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்கு வந்ததும் இவையும் குழம்பிப்போயின. அங்குள்ள கடைகளில் பச்சைப் பொப்லானோவுக்கே பாசில்யா என்று சீட்டு ஒட்டியிருப்பது வழக்கம்.

வடிவத்தை வைத்து வரும் பெயர்கள் ஊர் ஊராக ஒரே மாதிரிதான் போகின்றன. நமக்கு முண்டு என்றால், சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் நேபாளி பேசுவோருக்கு உருண்டையான மிளகாய் டல்லே. மராட்டியத்தில் கிராம்பளவு சிறுத்தது லவங்கி. மலேசியத் தமிழர்கள் நன்கறிந்த சிலி பாடியில் இருக்கும் பாடி நெல்லைக் குறிக்கிறது. ஜமைக்காவில் ஸ்காட்லாந்துக்காரரின் தொப்பியைப் போல் இருப்பது ஸ்காட்ச் பானட். ஜப்பானில் பருந்தின் நகத்தைப் போல் வளைந்தது தாகா-நோ-த்சுமே. மெக்ஸிகோவின் காஸ்கபெல் காய்ந்தால் கிலுகிலுப்பையைப் போல் ஒலிப்பதால் அந்தப் பெயர் பெற்றது. நம் முண்டு வத்தலைக் காதருகே ஆட்டிய மண்டிக்காரரும் அதே ஒலியைத்தான் கேட்டார், ஆனால் அவர் அதைப் பெயராக்கவில்லை. தாய்லாந்துக்காரர்கள் தம் நாட்டின் மிகப் பிரியமான சிறு மிளகாய்க்கு எலிப்புழுக்கை மிளகாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விளம்பரக்காரர் எவரும் அருகில் இல்லாத காலத்தில் வைக்கப்பட்ட பெயர் என்பது பார்த்தாலே தெரிகிறது.

வடிவத்தைவிடச் சுவையானது காய் நிற்கும் நிலையை வைத்து வரும் பெயர். மெக்ஸிகோவின் மிராசோலுக்குச் சூரியனைப் பார்ப்பது என்று பொருள். சீனத்தின் சிச்சுவானில் வானத்தை நோக்கும் மிளகாய் என்று ஒரு வகை இருக்கிறது. இரண்டும் செடியில் தலைகீழாகத் தொங்காமல் நிமிர்ந்து நிற்பவை. காட்டு மிளகாய்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும். சிறியவை, பழுத்ததும் எளிதில் உதிர்பவை, இலைக்கு மேலே சிவந்து தெரிபவை. எல்லாம் பறவைகளுக்காக. மிளகாயின் காரம் பாலூட்டிகளின் நாக்கைச் சுடுவதுபோலப் பறவைகளைச் சுடுவதில்லை. அவை பழத்தை விழுங்கி விதையை வேறிடத்தில் போடுகின்றன. நம் காந்தாரி மிளகாயும் நிமிர்ந்தே காய்க்கிறது, பல வீடுகளில் யாரும் விதைக்காமலேயே வேலியோரம் முளைத்து நிற்கிறது. பல மொழிகளில் பறவை மிளகாய் என்று ஒரு பெயர் இருப்பதற்குக் காரணம் இதுதான். சந்தைக்கு வராமலேயே பெயர் பெற்ற மிளகாய்கள் இவை.

இருபதாம் நூற்றாண்டில் பெயர் வைக்கும் வேலை ஆராய்ச்சி நிலையங்களுக்குப் போனது. தமிழ்நாட்டில் கே 1, கே 2 என்றால் கோவில்பட்டி. கோ 1 என்றால் கோயம்புத்தூர். பிஎம்கே 1 என்றால் பரமக்குடி. எம்டியு 1 என்றால் மதுரை. இலங்கையில் எம்ஐ 2 என்றால் மகா இலுப்பள்ளம. எழுத்து ஊரைச் சொல்கிறது, எண் வரிசையைச் சொல்கிறது, வேறெதையும் சொல்வதில்லை. கே 2 ரகம் அசாம் வகை ஒன்றையும் சாத்தூர்ச் சம்பாவையும் இணைத்து உருவானது. ஆனால் பெயரில் அசாமும் இல்லை, சாத்தூரும் இல்லை. பிஎம்கே 1-இன் பெற்றோரில் ஒன்று ராமநாதபுரம் குண்டு என்பதையும் அந்த மூன்று எழுத்துகளிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தன் ரகங்களுக்கெல்லாம் அர்க்காவதி ஆற்றை முன்னால் வைக்கிறது: அர்கா லோகித், அர்கா ஹரிதா. வாராணசியிலிருந்து வருவது காசி அன்மோல். இவற்றுள் பூசா ஜ்வாலாவின் கதை தனி. பூசா பீகாரில் இருக்கும் சிற்றூர். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1905-இல் அங்கே தொடங்கியது. 1934-இன் நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்ததால் 1936-இல் நிறுவனம் தில்லிக்குப் பெயர்ந்தபோது, ஊர்ப் பெயரும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போயிற்று. தில்லியில் உருவான மிளகாய் இன்றும் பீகார்ச் சிற்றூரின் பெயரில் குஜராத் வயல்களில் விளைகிறது.

இந்தக் குறியீடுகளில் எது மக்கள் வாயில் நிற்கும் என்பதை எந்த நிலையமும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. குண்டூரை அடுத்த லாம் கிராமத்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எல்சிஏ 334-இல் முதல் எழுத்து லாமைக் குறிக்கிறது. மண்டி எழுத்துகளை உதறிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டது. ‘த்ரீ தேர்ட்டி ஃபோர்’ என்றால் அங்கே எவருக்கும் புரியும். எஸ் 17-க்கு நேர்மாறாக நடந்தது. எண் பின்னுக்குப் போய்த் தேஜா என்ற பெயர் நின்றது. சுருக்கமாகவும் கூச்சலுக்கு நடுவே காதில் விழும்படியும் இருப்பது எதுவோ அதுவே ஏலத்தில் வெல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த நூற்றாண்டில் பெயர் வைப்பவர்கள் வேறு ஆட்கள். வடகிழக்கின் பூத் ஜொலோகியாவை 2007-இல் உலகின் மிகக் காரமான மிளகாயாகக் கின்னஸ் அறிவித்தது. காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் 10,01,304. அசாமியத்தில் மிளகுக்கு ஜாலுக், மிளகாய்க்கு ஜொலோகியா. நம் மிளகும் மிளகாயும் போலவே. பூத் என்பது பேய் என்கிறார் ஒருவர்; பூட்டானிலிருந்து வந்ததால் அப்பெயர் என்கிறார் மற்றவர். ஆங்கில உலகம் பேயையே எடுத்துக்கொண்டது, அதுதான் விற்கும் என்பதால். அதே மிளகாயை நாகாலாந்தில் ராஜா மிர்ச்சா என்கிறார்கள், மணிப்பூரில் உமோரோக் என்கிறார்கள். 2008-இல் நாகா மிளகாய் என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது நாகாலாந்து. 2000-இல் அசாமின் தேஜ்பூரில் இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடம் இதன் காரத்தை அளந்து வெளியிட்டதால் சிலகாலம் தேஜ்பூர் மிளகாய் என்றும் அது அறியப்பட்டது. அளந்த இடமும் ஊர்ப் பெயராகும் தகுதி பெற்றுவிட்டது. வங்கதேசத்து நாகா மொரிச்சிலிருந்து இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது டார்செட் நாகா ஆயிற்று. பிறகு அமெரிக்காவின் கரோலைனா ரீப்பர், 2013-இல் கின்னஸ் ஏறியது. எச்பி22பி என்ற தோட்டக் குறியீட்டோடு இருந்த காய் அது. வாலில் அரிவாள் போன்ற வளைவு இருந்ததால் உயிரை அறுத்துக்கொண்டு போகும் எமனின் பெயர் சூட்டப்பட்டது. புட்டியின் மேல் மண்டையோட்டுப் படம் போடுவதற்கு ஏற்ற பெயர்கள் இவை. எலிப்புழுக்கை என்று பெயர் வைத்தவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதை இவர்கள்மேல் இல்லை.

புவிசார் குறியீடு இந்த ஓட்டத்தை நிறுத்திப் பெயரை மண்ணோடு கட்டிப்போட முயல்கிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் அது கிடைத்தது; 2025-இல் தெலங்கானாவின் வாரங்கல் சப்பட்டா மிளகாய்க்குக் கிடைத்தது. விலை சரிந்த ஆண்டிலும் மானாவாரி விவசாயிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பெயர் இருப்பது நல்லதுதான். ஆனால் இந்தக் காப்பு மூட்டை வரை செல்லுபடியாகும். அரவை ஆலைக்குள் போனதும் நிலைமை மாறிவிடுகிறது. முழு வத்தலாக இருக்கும்வரை முண்டையும் சம்பாவையும் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். தூளாகிவிட்டால் கண்ணுக்குத் தெரிவது நிறம் ஒன்றுதான். காஷ்மீரி என்ற பெயரில் நாடு முழுவதும் விற்கும் மிளகாய்த்தூள் அத்தனைக்கும் காஷ்மீரில் விளையும் மிளகாய் காணாது. சிவப்பு நிறமும் குறைந்த காரமும் உடைய தூளுக்கு அது பொதுப் பெயராகிவிட்டது, பியாடகி வகைகள் அந்தப் பைகளில் தாராளமாக இடம் பெறுகின்றன.

ஆகவே வத்தல் வாங்கும்போது ஊர்ப் பெயரை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. இந்த மாசியில் வந்த சரக்கா, குளிர்பதனக் கிடங்கில் ஓராண்டு கிடந்து வந்ததா என்று கேட்கிறேன். பிறகு ஒரு காயைக் கேட்டு வாங்கி, காம்பைக் கிள்ளிப் பிளந்து பார்க்கிறேன். சாம்பாருக்கு முண்டு, வறுத்து அரைக்கும் மசாலாவுக்குச் சம்பா, நிறத்துக்குப் பியாடகி என்று மூன்றையும் முழு வத்தலாகவே வாங்கி, வெயிலில் ஒரு நாள் காயவைத்து, அவற்றைத் தனித்தனியே மிஷினில் கொடுத்து அரைத்துக்கொள்கிறோம். டப்பாக்களின் மேல் ஒட்டும் சீட்டில் என் மனைவி எழுதுவது ‘காரம்’, ‘நடுத்தரம்’, ‘நிறம்’.